‘மாலா’ என்னும் சிச்சுவான் சுவைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சீனாவின் சிச்சுவான் மாநிலச் சமையலின் அடையாளமாகிய, காரத்தோடு நாவையும் உதட்டையும் துடிக்கவைக்கும் ‘மாலா’ என்னும் சுவைக்குத் தமிழ்ச்சொல் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று நம் குழுவில் சென்ற வாரம் தொடங்கிய உரையாடலை முழுவதும் படித்தேன். ‘மரப்புக்காரம்’, ‘அதிர்காரம்’, ‘நாச்சிலிர்ப்பு’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் எல்லாரும் ‘மாலா’ என்றுதானே சொல்கிறோம், அதை அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேச்சில் அப்படியே சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த தமிழருக்கு அந்தச் சொல் எதையும் உணர்த்துவதில்லை. எழுத்தில் பார்த்தாலோ அது ஒரு பெண்ணின் பெயராகவே கண்ணில் படுகிறது. சொல் இல்லாமையால் நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டை நேரில் கண்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த நண்பர் ஒருவரை, அவர் வந்திறங்கிய இரண்டாம் வாரத்தில், சைனாடவுன் பகுதியில் உள்ள ஒரு சிச்சுவான் உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். சீன உணவு என்றால் அவருக்குக் கோபி மஞ்சூரியனும் ‘ஷெஸ்வான்’ ஃப்ரைட் ரைஸும்தான். அவை கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் சமையலில் தொடங்கி இந்திய நாவுக்கேற்ப வளர்ந்த தனி மரபு. அவற்றைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அந்த ‘ஷெஸ்வான்’ சட்னியில் பெரும்பாலும் வற்றல் மிளகாயும் பூண்டும் இஞ்சியும்தான் இருக்கும். சிச்சுவானைச் சிச்சுவானாக்கும் பொருளாகிய சிச்சுவான் மிளகு அதில் இருப்பதில்லை. நான் அவரிடம் “இங்கே சாப்பாடு காரமாக இருக்கும்” என்று மட்டும் சொன்னேன். மதுரைக்காரரிடம் காரத்தைப் பற்றி எச்சரிக்கிறீர்களே என்று அவர் சிரித்தார். மாப்போ தோஃபு என்னும் காரமான சோயாக்கட்டிக் குழம்பை மூன்று கரண்டி உண்டதும் சிரிப்பு நின்றது. கரண்டியை வைத்துவிட்டு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் குடித்தார், தண்ணீர் புளிக்கிறது என்றார். பிறகு தாழ்ந்த குரலில், தமக்கு ஏதோ ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டது, அருகில் மருந்துக்கடை இருக்கிறதா என்று கேட்டார். “ஒன்றுமில்லை, நாக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான்” என்று நான் தேற்ற முயன்றது அச்சத்தை இன்னும் கூட்டிவிட்டது. மரத்துப்போவது என்பது நம் மொழியில் நோயின் அறிகுறி, அல்லது பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசியின் விளைவு. சாப்பாட்டு மேசையில் சொல்லத்தக்க சொல் அன்று. நல்ல உணவு பாதிக்கு மேல் மிஞ்சிப்போனதற்கு நான் சொன்ன தவறான சொல்லே காரணம் என்று இன்றும் வருந்துகிறேன்.

எனவே ‘மரப்புக்காரம்’ எனக்கு உடன்பாடு அன்று. அது அச்சுறுத்துகிறது என்பது ஒரு காரணம். பொருளும் பொருந்தவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். ‘மாலா’ இரண்டு சீன எழுத்துகளாலான சொல். ‘லா’ என்பது மிளகாயின் காரம்; அதற்கு நம்மிடம் காரம், உறைப்பு, கார்ப்பு எனச் சொற்கள் நிறைய உள்ளன. ‘மா’ என்பதுதான் நமக்குப் புதியது. மிளகாயில் உள்ள கேப்சைசின் நாவில் சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் திறப்பதால்தான் காரம் ‘எரிகிறது’. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘மா’வைத் தருவது சிச்சுவான் மிளகின் தோலில் உள்ள சான்ஷூல் என்னும் வேறொரு பொருள். அது தொடுவுணர்ச்சி நரம்புகளைத் தூண்டுகிறது. 2013இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இந்த மிளகை மனிதர்களின் உதட்டில் தடவி, அங்கே உணரப்படும் துடிப்பை விரல்நுனியில் தரப்பட்ட இயந்திர அதிர்வோடு ஒப்பிடச் செய்தபோது, அது நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளுக்கு ஒத்திருந்தது. நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். ‘கரண்ட் அடித்தது போல’ என்று பலர் சொல்வது இதைக் கேட்டபின் எனக்கு வெறும் உவமையாகத் தோன்றவில்லை. உணர்ச்சி செத்துப்போவது மரப்பு. இதுவோ உணர்ச்சி மிகுந்து துடிப்பது.

இந்த வகையில் ‘அதிர்காரம்’ உண்மைக்கு நெருங்கி வருகிறது. அதை முன்மொழிந்தவரின் நுட்பத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அதிர்வு என்பது பறைக்கும் நிலத்துக்கும் உரிய பெரிய சொல். உதட்டின் நுனியில் நிகழும் இந்தச் சிறு துடிப்பை அது சுட்டவில்லை. ‘நாச்சிலிர்ப்பு’ அழகாக இருக்கிறது. எனினும் சிலிர்ப்பு தோலுக்கும் மயிர்க்காலுக்கும் உரியது, குளிரிலும் மகிழ்ச்சியிலும் வருவது. உணவகப் பட்டியலில் அதைக் காண்பவர் குளிர்ச்சியான பண்டம் என்றே எண்ணக்கூடும்.

நாம் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் என்று ஒரு வேர் கிடைக்கும். ஒரு துண்டை வாயிலிட்டு மென்றால் எச்சில் ஊறும். சற்று நேரத்தில் நாவும் உதடும் துடிக்கத் தொடங்கும். கிராம்பைப் பல்லிடுக்கில் அடக்கிக்கொண்டவர்களுக்கும் இதன் மெல்லிய வடிவம் தெரியும். இந்த உணர்வுக்கு நாட்டு மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லும் சொல் ‘விறுவிறுப்பு’. அதாவது ‘மா’ என்னும் உணர்வைத் தமிழர் முன்பே அறிந்து பெயரும் வைத்திருக்கிறார்கள். சமையலறையில் அல்லாமல் மருந்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அவ்வளவே. விறுவிறுப்பு என்றால் இன்று திரைப்படத்தையும் தொடர்கதையையும் அல்லவா நினைக்கிறோம் என்று கேட்கலாம். அந்தப் பொருள் பின்னர் வந்தது. உடலில் உணரும் துடிப்பே கதையோட்டத்துக்கு உவமையாகிச் சென்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘உதடு விறுவிறுக்கிறது’ என்று சொன்னால் இன்றும் எவரும் திரைப்படத்தை நினைக்கமாட்டார்கள். பெயராகவும் வினையாகவும் அடையாகவும் தடையின்றி வரும் சொல் இது. ஆகவே ‘மா’ என்பதற்கு விறுவிறுப்பு என்றும், காரமும் அதுவும் சேர்ந்த ‘மாலா’வுக்கு ‘விறுகாரம்’ என்றும் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

இதைத் தனிமடலில் காட்டியபோது, இக்குழுவில் இலக்கணம் கற்ற மூத்தவர் ஒருவர் உடனே தடை எழுப்பினார். ‘இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். விறுவிறு என்பதைப் பிளந்து ‘விறு’ என்று எப்படித் தனியே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். தடை நியாயமானது. இரண்டு நாள் அதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். கலகல, சலசல போன்றவற்றைப் பிரித்தால் பொருள் இல்லை என்பது உண்மை. ஆனால் மினுமினுப்புக்கு அருகில் மினுக்கும் மினுங்குதலும் இருக்கின்றன. கிறுகிறுப்புக்கு அருகில் கிறுக்கு இருக்கிறது. சுறுசுறுப்புக்கு அருகில் சுறுக்கு இருக்கிறது. அவ்வாறே ‘விறுக்கென்று எழுந்தான்’ என்று நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். விறு என்னும் அடி தனித்தும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது போதும் என்று கருதுகிறேன். அவர் இதை முழுதும் ஏற்கவில்லை. ‘விறுவிறுப்புக் காரம்’ என்று நீட்டியே எழுதலாம் என்கிறார். ஒரு சட்டியின் கீழ் ஒட்டும் சிறு சீட்டில் அது இடம் கொள்ளாது என்பதே என் தயக்கம்.

அடுத்தது அந்தப் பொருளின் பெயர். ‘சிச்சுவான் மிளகு’ என்று எழுதிவருகிறோம். அது மிளகுக் கொடியின் உறவே இல்லை. எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியின் காய். அதன் கறுப்பு விதையை நீக்கிவிட்டுத் தோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். முகர்ந்து பார்த்தால் நாரத்தைத் தோலின் வாசம் வருவதும் இந்த உறவினால்தான். ஆகவே மிளகு என்று சொல்வது பிழை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆனால் மிளகாயும் மிளகுக் குடும்பம் அன்று. கடல் கடந்து வந்த புதிய காயைப் பழகிய மிளகின் பெயரால் அழைத்து நாம் ஏற்றுக்கொண்டோம். சீனரும் இதையேதான் செய்தார்கள். ‘ஜியாவ்’ என்பது அவர்கள் மொழியில் முதலில் இந்த முட்செடிக் காய்க்கே உரிய பெயர். அயல்நாட்டிலிருந்து நம் கருமிளகு வந்தபோது அதை ‘ஹூஜியாவ்’ என்றார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மிளகாயைப் பின்னாளில் ‘லாஜியாவ்’ என்றார்கள். அவர்களுக்கு ‘மா’ முந்தியது, ‘லா’ பிந்தியது. நமக்கு மிளகு முந்தியது, மிளகாய் பிந்தியது. எனவே ‘விறுமிளகு’ என்பது இரு மொழிகளின் போக்குக்கும் ஒத்த பெயர். இன்னொரு சான்றும் உண்டு. இதே இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. கொங்கணிக் கடற்கரையில் அதன் காயைத் ‘திர்ஃபள்’ என்று சொல்லி அயிலை மீன் குழம்பில் இடுகிறார்கள். கன்னடத்தில் அதற்கு ‘ஜும்மின காய்’ என்று பெயர். நாவில் ‘ஜும்’ என்று ஏறும் உணர்வையே காய்க்குப் பெயராக்கிய அந்த வழி நமக்கும் ஏற்றது.

சொல் கிடைத்தபின் அதே நண்பரை மீண்டும் அழைத்துச் சென்றேன். இம்முறை உட்கார்ந்ததும் எதையும் வரவழைக்காமல், ஒரே ஒரு விறுமிளகுத் தோலைக் கேட்டு வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்து, “இதை முன்பல்லால் கடியுங்கள், உதடு விறுவிறுக்கும், சில நிமிடத்தில் அடங்கும்” என்றேன். கடித்தார், காத்திருந்தார், “ஆமாம், விறுவிறுங்குது” என்று தாமாகவே சொன்னார். அதன்பிறகு அச்சமில்லை. சிச்சுவான் சமையல் முழுவதும் விறுகாரம் அன்று. அவர்கள் மரபில் 24 சுவைவகைகளை எண்ணுவார்கள், விறுகாரம் அவற்றில் ஒன்று. எனவே முதலில் பூண்டு விழுதிட்ட வெள்ளரிக்காய், பிறகு இனிப்பும் புளிப்பும் கலந்த ‘யூசியாங்’ கத்தரிக்காய், கடைசியாகவே மாப்போ தோஃபு என்று வரிசையை மாற்றிக்கொண்டோம். யூசியாங் என்றால் மீன்மணம் என்று பொருள். ஆனால் அதில் மீன் இல்லை, மீனுக்கு இடும் கூட்டுப்பொருள்கள்தான் உள்ளன. மரக்கறி உண்பவருக்கு இதைச் சொல்லாமல் மொழிபெயர்த்தால் தட்டைத் தள்ளிவிடுவார். மாப்போ தோஃபுவில் மரபாக மாட்டிறைச்சிக் கொத்து சேரும் என்பதால், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒன்று: மாப்போவில் உள்ள ‘மா’வும் அதே எழுத்துதான், ஆனால் அங்கே அம்மைத் தழும்பைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சிச்சுவானின் தலைநகராகிய செங்டூவில் உணவுக்கடை நடத்திய, முகத்தில் தழும்புடைய மூதாட்டியின் பெயரால் வந்தது அது. அதை விறுவிறுப்பு என்று யாரும் மொழிபெயர்த்துவிடக் கூடாது. நான் ஒருமுறை அப்படி எழுதி, சீனம் அறிந்த தோழி ஒருவர் திருத்தினார்.

புதியவர்களுக்காக நாம் தொகுத்துவரும் உணவுச் சொற்கையேட்டில் விறுவிறுப்பு, விறுகாரம், விறுமிளகு ஆகிய மூன்றையும் சேர்க்கலாமா என்பதற்கு உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன். கடையில் கேட்கும் காரஅளவுகளாகிய சியாவ்லா, ஜோங்லா, தாலா மூன்றுக்கும் இளங்காரம், நடுக்காரம், கடுங்காரம் என்பவை போதும். அவற்றில் கருத்து வேறுபாடு இராது என்று நம்புகிறேன்.

வரும் மாதம் நண்பரின் தாயார் மதுரையிலிருந்து வருகிறார். அவருக்கும் அந்த உணவகத்தைக் காட்ட வேண்டும் என்று நண்பரே கேட்டிருக்கிறார். அம்மாவிடம் நம் சொற்கள் எதையும் முன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன். ஒரு தோலைக் கடிக்கக் கொடுத்து, அவர் வாயில் முதலில் வரும் சொல் எதுவோ அதை எழுதி இங்கே அனுப்புகிறேன். அது விறுவிறுப்பாக இல்லாவிட்டால் என் முன்மொழிவை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் நண்பன்