குளியலறைத் தண்ணீர் வடியவில்லை. கோஸ்டிக் சோடா போட்ட பிறகு நிலைமை மோசமாகிவிட்டது

மாங்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் குளியலறையில் ஷவருக்குக் கீழுள்ள வடிகால் அடைபட்டுவிட்டது. கார்த்திகை மழை தொடங்கிய நாட்களில் தண்ணீர் சற்று மெதுவாக வடிவதைக் கவனித்தேன். மாரி முடிந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது மாசி பிறந்து மழை நின்று மூன்று கிழமைகள் ஆகின்றன, ஆனால் ஒருவர் குளித்து முடிப்பதற்குள் தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிடுகிறது.

வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைத் தரையிலிருந்து இரண்டு அங்குல பீவீசீ குழாய் சுவரைத் தாண்டி, பின்வளவில் உள்ள ஒரு சிறிய சீமெந்துத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு குழாய், கல் நிரப்பிய ஊறுகுழிக்குப் போகிறது. குழியைச் சுற்றி அம்மா வாழை நட்டிருக்கிறார். கழிப்பறைக்குத் தனிக் குழாயும் தனி மலக்குழியும் உள்ளன. அதில் எந்தக் குறையும் இல்லை. கை கழுவும் பேசினின் தண்ணீர் குளியலறை வடிகாலோடுதான் சேர்கிறது.

முந்தாநாள் கடையில் கோஸ்டிக் சோடா வாங்கி, அரைப் பொதியை அப்படியே வடிகால் வாய்க்குள் கொட்டி, மேலே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். சீறிக்கொண்டு சூடான ஆவி கிளம்பியது. அடைப்பு கரைகிறது என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் முன்பை விட மோசம். ஒரு வாளி தண்ணீர் வடிய அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. வீட்டில் நீளமான கூந்தல் உள்ளவர்கள் மூவர்; குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம். மீதி அரைப் பொதியையும் போட்டுவிடலாமா?

கனகராயன்குளம் தம்பி

அண்ணா, எங்கள் வீட்டிலும் இப்படி ஆனபோது கழிப்பறை கழுவும் அசிட்டை ஒரு போத்தல் ஊற்றினோம், திறந்துவிட்டது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தம்பியின் வீட்டு வடிகாலில் முன்பே கோஸ்டிக் சோடா இருக்கவில்லை, இங்கே இருக்கிறது. கடுங்காரம் நிற்கும் குழாய்க்குள் அமிலத்தை ஊற்றினால் இரண்டும் உடனே வினைபுரிந்து, குறுகிய இடத்துக்குள் அளவுக்கு மீறிய வெப்பம் உண்டாகி, கலவை கொதித்து முகத்துக்கு நேரே தெறிக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும் இதோடு சேர்க்க நினைத்துவிடாதீர்கள். அதன் மேல் அமிலம் பட்டால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும், ஒரு சிறு குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

மாங்குளத்து ஐயா, மீதி அரைப் பொதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஈரம் படாமல் மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் செய்ததில் பிழை எங்கே என்று சொல்கிறேன். கோஸ்டிக் சோடாவைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக இட்டுக் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் ஒருபோதும் கரைக்கக் கூடாது, ஐதரசன் வாயு வெளியேறும். நீங்கள் உலர்ந்த சோடாவைக் கொட்டிக் குறைவாகத் தண்ணீர் ஊற்றியதால், அது வளைவுக்குள் முழுதாகக் கரையாமல், வெளிப்புறம் மட்டும் உருகிக் கட்டியாக இறுகியிருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. கோஸ்டிக் சோடா எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமாக மாற்றித்தான் அகற்றுகிறது. உங்கள் தண்ணீர் கடினநீர் என்றால், அந்தச் சவர்க்காரம் நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்சாம்பல் நிறப் படிவாக மறுபடியும் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கேத்தலின் அடியில் வெள்ளைத் தோல் பிடிக்கிறதா, சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, அரை வாளி அரை வாளியாகச் சாதாரணத் தண்ணீரை இடைவெளி விட்டு நாள் முழுவதும் ஊற்றிக்கொண்டிருப்பதுதான். கோஸ்டிக் சோடா நீரில் நன்றாகக் கரையும். கட்டி தானாகவே தேய்ந்துவிடும். அதுவரை அடைப்பை அழுத்தி இழுக்கும் றப்பர் பம்பரால் குத்தவும் வேண்டாம், பிள்ளைகளை அங்கே விடவும் வேண்டாம். தோலிலோ கண்ணிலோ தெறித்தால் தேசிக்காய், வினாகிரி என்று தேடாமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் என்றால் அதற்குப் பிறகு உடனே வைத்தியசாலை.

புதுக்குடியிருப்பு வாசகர்

அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் போதும் என்று பலரும் சொல்கிறார்களே?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

நுரை பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால், கடைசியில் மிஞ்சுவது உப்புக் கலந்த தண்ணீரே. தலைமயிர் அதில் கரையாது.

வவுனியா மேசன்

ரீச்சர் சொன்னபடி ஒரு நாள் பொறுத்துத் தண்ணீர் ஊற்றி முடியுங்கள். அதன் பிறகு எதையும் ஊற்றுவதற்கு முன், அடைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையைச் செய்யாமல்தான் மருந்து மேல் மருந்தாக ஊற்றி வைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் மூன்று இடங்களில் அடைக்கலாம். முதலாவது, வடிகால் வாய்க்குக் கீழே நாற்றம் மேலே வராமல் எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைவு. நாங்கள் ட்ராப் என்போம். இரண்டாவது, சுவருக்கு வெளியே குழாய் திரும்பும் முழங்கை. மூன்றாவது, தொட்டியிலிருந்து குழிக்குப் போகும் பகுதி. முதலில் பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் குளியலறைத் தரையில் மேலெழுந்தால், அடைப்பு இரண்டும் சேரும் இடத்திலோ அதற்கு அப்பாலோதான் இருக்கிறது. அடுத்து வெளித் தொட்டியின் மூடியைத் திறந்து ஒருவரை அங்கே நிற்க விட்டு, உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டி காய்ந்து கிடந்து, குழாயிலிருந்து தண்ணீர் நூல் போல வந்தால், அடைப்பு வீட்டுப் பக்கம். தொட்டியே நிறைந்து நின்றால், குளியலறையில் எவ்வளவு குத்தினாலும் பயன் இல்லை.

பார்த்துவிட்டு எழுதுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள் என்று யாராவது சொல்வார்கள், அதையும் கேட்க வேண்டாம். அந்தச் சூட்டில் பீவீசீ இளகிப்போகும். ஒட்டிய மூட்டு விட்டுப்போனால் பிறகு தரையை உடைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும்.

மாங்குளத்தான்

நேற்று முழுவதும் தண்ணீர் ஊற்றினோம். கேத்தலையும் பார்த்தேன், அடியில் நகத்தால் சுரண்டக்கூடிய அளவுக்கு வெள்ளைப் படிவு இருக்கிறது. இன்று காலையில் மேசன் ஐயா சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்தோம். பேசினைத் திறந்ததும் சாம்பல் நிறத் தண்ணீர் தரையில் பொங்கி வந்தது. தொட்டி மூடி இறுகிப்போயிருந்ததால் அலவாங்கால் கிளப்ப வேண்டியதாயிற்று. உள்ளே, வீட்டிலிருந்து வரும் குழாயின் பாதி உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. மகன் உள்ளே வாளியைக் கவிழ்த்தபோது, குழாயின் வாயில் சிறு விரல் அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. தொட்டி காயவும் இல்லை, நிறையவும் இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

வவுனியா மேசன்

சிறு விரல் அளவு தண்ணீர்தான் வருகிறது என்றால், வீட்டுப் பக்கத்தில் அடைப்பு நிச்சயம். தொட்டியில் பாதி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதைப் பிறகு பார்ப்போம். முதலில் வளைவைத் துப்புரவாக்குங்கள். வளைவின் பக்கவாட்டில் திருகும் மூடி இருந்தால் அதைக் கழற்றலாம், இல்லாவிட்டால் மேலிருந்துதான்.

முள்ளியவளை அக்கா

தம்பி, மேலிருந்து எடுப்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள், வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் முழுக்கு, ஆகவே இந்த வேலையில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். கட்டுக்கம்பியை வளைத்து விடுவார்கள், அது முதல் வளைவிலேயே மடிந்துவிடும். பழைய சைக்கிள் பிறேக் கேபிளின் உள்கம்பியை எடுங்கள். அது வளைவோடு வளைந்து போகும், ஆனால் தளர்ந்து சுருளாது. நுனியில் ஓர் அங்குலத்துக்கு இழைகளைப் பிரித்து, தூண்டில் போல வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். தடுக்கும் இடம் வரை மெல்லச் செலுத்தி, ஒரே திசையில் பத்துப் பதினைந்து தடவை முறுக்குங்கள். மயிர் அதில் சுற்றிக்கொள்ளும். பிறகு திருப்பி முறுக்காமல், முறுக்கின மாதிரியே மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறுந்து மறுபடியும் உள்ளே போய்விடும்.

கோஸ்டிக் போட்ட குழாய் என்பதால் நீளமான றப்பர்க் கையுறை போடாமல் தொட வேண்டாம். கண்ணுக்கும் ஏதாவது போடுங்கள்.

மாங்குளத்தான்

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாததால் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை முன்கண்ணாடியோடு மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் குந்தியிருந்தேன். வீட்டில் எல்லோரும் கதவடியில் நின்று சிரித்தார்கள். மூன்றாவது முறை இழுத்தபோது வந்தது. ஏறக்குறைய ஒரு முழ நீளம், எலி வால் போல நுனி மெலிந்து, நடுவில் என் பெருவிரலை விடத் தடிப்பு. மயிருக்கு மேல் மெழுகு பூசியது போலச் சாம்பல் நிறப் பசை, அதற்குள் வயலில் இருந்து கால்களோடு வந்த களிமண், ஒரு சம்பூப் பக்கெற்றின் கிழிந்த மூலை. வெட்டிப் பார்த்தபோது கோஸ்டிக் சோடா அதன் மேற்பக்கத்தை மட்டும் கொஞ்சம் கூழாக்கியிருந்ததும், உள்ளே எதுவும் கரையாமல் இருந்ததும் தெரிந்தது.

அதன் பிறகு பேசின் வாயை ஈரத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டு, றப்பர் பம்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு இருபது தடவை அழுத்தி இழுத்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

ஆனால் மகிழ்ச்சி ஒரு குளிப்புக்குத்தான் நீடித்தது. மனைவி குளித்து முடித்ததும் மகள் குளிக்கப் போனார். பாதியில் தண்ணீர் மறுபடியும் ஏறிவிட்டது. ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தால், விளிம்பு வரை நிறைந்து நிற்கிறது.

வவுனியா மேசன்

நான் எதிர்பார்த்ததுதான். இவ்வளவு நாளும் உள் அடைப்பு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதால், வெளி அடைப்பு உங்களுக்குத் தெரியவில்லை. முதலாவது போனதும் இரண்டாவது வெளியே வந்திருக்கிறது.

மாரியில் நிலத்தடி நீர் ஏறி ஊறுகுழி நிறைந்து நிற்பது வன்னியில் வழக்கம்தான். களிமண் வளவென்றால் இன்னும் கூடுதல். ஆனால் மழை நின்று மூன்று கிழமை என்கிறீர்கள். உங்கள் கிணற்றிலோ அயல் கிணற்றிலோ தண்ணீர் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். அது இறங்கியும் தொட்டி இறங்கவில்லை என்றால், குழியைக் குறை சொல்ல முடியாது. குழாய் குழிக்குள் நுழையும் வாயைத் தோண்டிப் பாருங்கள். வாழை என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள், நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

தோண்டும்போது குழாயின் சாய்வையும் அளந்துவிடுங்கள். பத்து அடி ஓட்டத்துக்கு மூன்று அங்குலம் இறக்கம் இருந்தால் நல்லது.

மாங்குளத்தான்

அயல் வீட்டுக் கட்டுக்கிணற்றில் தண்ணீர் இரண்டு வளையத்துக்கு இறங்கியிருந்தது. அதனால் நம்பிக்கையோடு தோண்டினோம். ஒன்றரை அடி ஆழத்தில் குழாயின் நுனி தெரிந்தது. நுனி என்று சொல்வதை விட, தேங்காய்த் தும்பை உருட்டி அடைத்த மாதிரி இருந்தது என்பதே சரி. முழுக்க வாழை வேர். வெளியே இருப்பதைக் கத்தியால் வெட்டிவிட்டு, உள்ளே இருந்ததைப் பிடித்து இழுத்தபோது இரண்டு முழத்துக்குக் குழாய் வடிவிலேயே உருண்டு வந்தது. அது வந்த வேகத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் பின்னால் பாய்ந்து என் சாரத்தை நனைத்தது. தலைக்கவசம் அப்போது தலையில் இல்லை.

சாய்வு பத்து அடிக்கு இரண்டு அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. கட்டியவரைக் கேட்கவும் இப்போது வழியில்லை. கோடையில் மாற்றிப் போட எண்ணியிருக்கிறேன். வடிகால் வாய்க்கு மயிர் பிடிக்கும் சிறுகண் வலை மூடி ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. ஞாயிறு தோறும் அதைக் கழற்றித் துடைப்பது மகனின் பொறுப்பு.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கோஸ்டிக் சோடாத் தண்ணீர் எல்லாம் அந்த வாழையடிக்குத்தானே போயிருக்கும்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

போயிருக்கும். அரைப் பொதி, அதுவும் நாள் முழுவதும் தண்ணீரால் ஐதாகிப் போனதால், ஒரு முறைக்குப் பெரிய கேடு வராது. அடிக்கடி போட்டால் சோடியம் சேர்ந்து மண் இறுகும், களிமண்ணில் தண்ணீர் ஊறுவதும் குறையும். பிறகு குழியே நிறைந்து நிற்கும்.

வவுனியா மேசன்

குழாய் வாயிலிருந்து ஐந்தாறு அடிக்குள் நிற்கும் வாழைகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வருகிற மாரிக்குள் வேர் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

மாங்குளத்தான்

அம்மாவிடம் சொன்னேன். இரண்டைக் கிளப்பச் சம்மதித்துவிட்டார். குழாய்க்கு மிக அருகில் நிற்பது கதலி, இப்போது குலை தள்ளி ஐந்து சீப்பு விரிந்திருக்கிறது. அதைத் தொட்டால் குளியலறையை அவரே சீமெந்து போட்டு அடைப்பாராம். ஆகவே குலை வெட்டும் வரை தொட்டியிலிருந்து ஒரு நீளக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, தண்ணீரை வேலியோரத் தென்னைக்கு விட்டிருக்கிறேன்.