மூன்று நாள் இருள்: அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

சின்னமகள்:
இயேசுவுக்கே புகழ்! அம்மா ஒரு வாட்ஸ்அப் செபக்குழுவில் இருக்கிறார். உலகம் மூன்று நாள் இருளில் மூழ்குமாம், மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியுமாம், அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் சாவுதானாம். தினமும் ஓர் ஆடியோ வருகிறது. அலமாரியில் புடவை இருந்த தட்டு முழுக்க இப்போது மெழுகுவர்த்தி. சன்னலுக்கு அளவெடுத்துக் கறுப்புத் தாளும் வெட்டி வைத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தம்பி கல்லூரிக்குப் பணம் கட்டக் கேட்டால், "அதுவரைக்கும் உலகம் இருக்குமா?" என்கிறார். நம் திருச்சபை இதைப் போதிக்கிறதா? விசுவாசம் இல்லாதவள் என்று திட்டு வாங்காமல் இதை எப்படிப் பேசுவது?

பழைய பீடச்சிறுவன்:
அயர்லாந்து ஆயர் புனித மலாக்கி முன்னறிவித்ததாக, வரப்போகும் திருத்தந்தையர் பட்டியல் ஒன்று சுற்றுமே, அதுவும் இந்த ரகம்தான். மலாக்கி இறந்தது 1148இல், பட்டியல் அச்சில் வந்தது 1595இல். அந்தக் கணக்கில் பிரான்சிஸ்தான் கடைசித் திருத்தந்தை என்றார்கள். 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ வந்தாயிற்று. எனக்கு அதை அனுப்பியவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஞாயிறு மறைக்கல்வி:
போதிக்கவில்லை, தங்கச்சி. இது அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அன்னா மரியா தாய்ஜி சொன்னதாகப் பரவிவரும் செய்தி. அவர் 1837இல் இறந்த ஒரு குடும்பத் தலைவி. 1920இல் அருளாளர் பட்டம் கிடைத்தது அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு. இதெல்லாம் தனி வெளிப்பாடு, அதாவது கடவுள் தனி ஒருவருக்கு வெளிப்படுத்தியதாகச் சொல்லப்படுவது. திருச்சபை ஏற்றுக்கொண்ட தனி வெளிப்பாடுகள்கூட நம் விசுவாசத்தின் கருவூலத்தில் சேராது என்கிறது திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு (எண் 67). நம்பாவிட்டால் பாவம் கிடையாது.

நாள் குறிப்பதும் நமக்கு ஆகாது. இறுதித் தீர்ப்பு இன்ன காலத்தில் வரும் என்று பிரசங்கம் செய்யவே 1516இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் (திருச்சபையின் பொதுச்சங்கம்) தடை போட்டது. அதற்காக உலக முடிவை நாம் மறுக்கிறோமா என்ன? அதே ஏட்டில் எண் 675ஐ வாசித்துப் பாருங்கள், பலருடைய விசுவாசத்தை ஆட்டிப்பார்க்கும் சோதனை வரும் என்று இருக்கிறது. எனக்கு மூன்று நாள் இருளைவிட அதுதான் பயம்.

ஆனால் அம்மாவிடம் எண்களைச் சொல்லி வாதாடாதீர்கள். தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தைச் சேர்ந்து வாசியுங்கள், மூன்றே அதிகாரம். ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்று எங்கள் பெயரில் கடிதம் வந்தாலும் கலங்காதீர்கள் என்கிறார் பவுல். (பார்வர்டு மெசேஜ் அப்போதே இருந்திருக்கிறது!) அடுத்த அதிகாரத்தில், வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவர்களை ஒரு பிடி பிடிக்கிறார்: உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் கூடாது. ஆண்டவருடைய வருகைக்காகக் காத்திருந்த சபைக்குத்தான் இதை எழுதுகிறார். தம்பியின் பீஸை அதற்குப் பிறகு பேசுங்கள்.

மாதா பிள்ளை:
கேலி வேண்டாமே. 1917இல் போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதா காட்சி தந்து எச்சரித்ததைத் திருச்சபை ஏற்கவில்லையா? யாரும் மனந்திரும்புவதாக இல்லை. அந்த அம்மா பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஞாயிறு மறைக்கல்வி:
ஏற்றதுதான் அக்கா, நானும் தினம் செபமாலை சொல்கிறவன். பாத்திமா செய்தியில் வெளியிடாமல் வைத்திருந்த மூன்றாம் இரகசியம் 2000இல் வெளியானபோது கர்தினால் ராட்சிங்கர் (பிறகு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) ஒரு விளக்கமும் எழுதினார். எதிர்காலம் மாற்றவே முடியாதபடி முடிவானது இல்லை, மனிதர் மனம் மாறினால் அதுவும் மாறும் என்பதுதான் அதன் சாரம். மாதா கேட்டது செபமும் தவமும். அந்த ஆடியோவில் அது எத்தனை நிமிடம் வருகிறது, மெழுகுவர்த்தி எத்தனை நிமிடம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி, இன்னொன்று. மகள் சொன்னால் எடுபடாதது பங்குச் சாமியார் சொன்னால் எடுபடும். பாவசங்கீர்த்தனத்துக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள், அந்தப் பயத்தை அம்மாவே அவரிடம் சொல்லட்டும். அந்தக் குழுவை நடத்துவது யார், பங்குக்குருவுக்குத் தெரிந்துதான் நடக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.