வெயிலில் இறங்கினால் தும்மல், இடக்கையை நீட்டினால் முறைப்பு: உங்களுக்கு எது?

லிந்தாங் ரோட்டுப் பிள்ளை:
எங்கள் சுங்கை சிப்புட் வீட்டு முன்ஹால் பகலிலும் இருட்டுதான், பழைய லயத்து வீட்டை இழுத்துக் கட்டியது. வாசலைத் தாண்டினால் கண்ணைக் குத்தும் வெயில். அது முகத்தில் பட்டதும் எனக்குத் தும்மல் வந்துவிடும். சளி கிடையாது, தூசியும் காரணமில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான்.

அக்காவுக்கு ஈப்போவில் ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க எல்லோரும் கிளம்பி, தட்டெல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. நான் வாசலைத் தாண்டினேன், தும்மினேன். வழக்கமாக இரண்டு மூன்று சேர்ந்து வரும். அன்று ஒன்றோடு நின்றுவிட்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் நல்லது என்பார்களே, அதனால் பெரியம்மா காலை எடுத்து வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். "இன்னொன்று வரட்டும், இருங்கள்" என்றார். பூத்தட்டைக் கையில் பிடித்தபடி சித்தி, காரில் பாதி ஏறிய மாமா, அக்கா, எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வரவில்லை. திரும்ப உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. மாப்பிள்ளைக்கு ஜொகூர் பக்கம் மாற்றலாகிவிட்டது, அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு வரும்போதெல்லாம் "போகிறபோதே அவள் தும்மினாள்" என்கிறார் பெரியம்மா. அக்காவும் வாயைத் திறப்பதில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இடக்கை அண்ணன்:
தங்கச்சி, எனக்குக் கை. கடையில் வலது கையில் அரிசி மூட்டை, இடது கையில் பத்து வெள்ளி நோட்டு. நீட்டிவிட்டேன். கடைக்காரப் பெரியவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கவில்லை. அந்தச் சிவப்பு நோட்டு மேசைக்கு மேலே அப்படியே நின்றது. பின்னால் நாலு பேர் வரிசையில். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கை மாற்றிக் கொடுத்த பிறகுதான் வாங்கினார். மீதியை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், குவே பலகாரம் விற்கும் மலாய்க்கார மாக்சிக்கும் இடது கையால் கொடுத்தால் மனம் சங்கடப்படும் என்று எனக்கும் தெரியும். விபூதி, பிரசாதம் எல்லாம் வலது கையில்தான் வாங்குகிறேன், பழகியாகிவிட்டது. ஆனால் அவசரத்தில் எந்தக் கை முந்தும் என்பதை நானா முடிவு செய்கிறேன்? பத்துப் பேரில் ஒருவர் இப்படித்தான் பிறக்கிறார்கள். மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்க நான் என்ன செய்துவிட்டேன்?

ஐந்தாம் டிவிஷன்:
தம்பி சொல்வது சரி, ஆனால் பெற்றவர்கள் சின்ன வயதிலேயே மாற்றியிருக்க வேண்டும். என் மகனுக்கும் இருந்தது. சாப்பிடும்போது இடது கையில் தட்டித் தட்டி வலது கைக்குக் கொண்டுவந்தோம். இப்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்.

பால்மரத்துக்காரி:
ஐந்தாம் டிவிஷன் அண்ணே, தட்டினால் மாறிவிடுமா? நானும் இடக்கைக்காரிதான். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பால்மரம் வெட்டினேன், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள்ளே பால்குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன, இப்படிச் சாய்த்து வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபட்டுப் பால் இறங்கும். மரம் என் கைக்காகத் திரும்பி நிற்குமா? உளியின் வளைவும் வலக்கைக்காரர்களுக்குத்தான் அடித்திருப்பார்கள். விடியாத நேரம், நெற்றியில் விளக்கு, கொசு வேறு. வலது கையில் பிடித்து வெட்டப் பழகினேன், வேறு வழி இல்லை. பழகும் வரைக்கும் எத்தனையோ மரத்தில் காயம். ஆழம் போய் உளி கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக ஏறாது, முண்டு முண்டாக வீங்கிக்கொள்ளும்.

ஒருநாள் எங்கள் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து, காயத்தில் விரலை வைத்து அழுத்தி, பக்கத்து நிரைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கள், இவள் மரத்தை வெட்டவில்லை, கொல்கிறாள்." அவர் விரல் நகத்தில் பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை என் தோளில் துடைத்துவிட்டுப் போனார். என் கை அப்படி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அப்படியும் செய்தார்.

கடைசி வரைக்கும் உளி மட்டும்தான் வலது கைக்கு வந்தது. பால் பிடிக்கும் மங்கு கவிழ்ப்பது, வாளி தூக்குவது, பிள்ளையை இடுப்பில் வைப்பது எல்லாம் இன்றைக்கும் இடதுதான். உங்கள் மகனுக்கும் அந்தக் கை உள்ளே அப்படியேதான் இருக்கும். என் மகனை ஆசிரியர் ரூலரால் அடித்தபோது நான் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டேன்.

ஐந்தாம் டிவிஷன்:
நாங்கள் அடிக்கவில்லை, தட்டினோம். வித்தியாசம் இருக்கிறது.

ஈரக்கை:
எனக்கு உள்ளங்கை வியர்வை. மைகார்ட் அடையாள அட்டையில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் இருக்கிறது அல்லவா, கவுண்டரில் விரலை வைத்தால் மிஷின் படிக்காது. மிஷின் கண்ணாடியை டிஷ்யூவால் துடைத்துத் துடைத்துக் கவுண்டரில் இருந்த அம்மாவுக்கே அலுத்துவிட்டது. கடைசியில் "தாக்குட் கா?", பயமா என்று மலாயில் கேட்டார். நான் பயப்படவில்லை, என் அடையாள அட்டைதான் அது. பக்கத்துக் கவுண்டர்க்காரரும் திரும்பிப் பார்த்தார். திருட்டு அட்டை கொண்டுவந்தவனைப் போல நின்றேன். அவ்வளவுதான் என் கதை.

லிந்தாங் ரோட்டுத் தங்கச்சி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு வந்தால் தும்மல் வருவது பரம்பரையாக வரும் ஒன்று. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நூற்றில் 18 முதல் 35 பேருக்கு உண்டு என்கிறார்கள். ஆக, உங்கள் பெரியம்மா வீட்டிலேயே இன்னும் யாருக்காவது இருக்கலாம், கவனித்துப் பாருங்கள். வாசலுக்கு வருமுன் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி இறங்குங்கள், கண்ணைப் பழக விட்டு மெல்ல நிமிருங்கள். தும்மல் கிளம்புகிற மாதிரி இருந்தால் மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், சிலருக்கு அடங்கும். ஹால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளேயும் வெளிச்சம் இருந்தால் வித்தியாசம் குறையும். முக்கியமாக, கார் ஓட்டுவீர்களா? கோலகங்சாரிலிருந்து ஹைவே வழியாக ஈப்போ போனால் மெனோரா சுரங்கம் வரும். அதை விட்டு வெளியே வரும் நொடியில் தும்மினால் கண் மூடிக்கொள்ளும், அந்த வேகத்தில் விளையாட்டில்லை. முன்னால் போகிற லோரியிலிருந்து நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள், கண்ணாடியைச் சுரங்கத்துக்குள் கழற்றினாலும் வெளியே வருமுன் மாட்டிக்கொள்ளுங்கள். அப்பாவிடமும் சொல்லுங்கள்.

லிந்தாங் ரோட்டுப் பிள்ளை:
அண்ணே, நன்றி, சுரங்கம் விஷயம் அப்பாவிடம் சொல்கிறேன். ஆனால் நான் வைத்தியம் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினால் அதற்கு வேறு பேச்சு வரும். "அது வெயில் தும்மல், சகுனம் இல்லை" என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும்.

பால்மரத்துக்காரி அம்மா, தோளில் துடைத்தது படித்ததிலிருந்து எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

கேஸ் தோங் கேட்டவன்:
எனக்குக் குரல். உடம்பு வளர்ந்தது, மீசை வந்தது, குரல் மட்டும் உடையவில்லை. கேஸ் தோங் (சிலிண்டர்) தீர்ந்து கடைக்கு போன் செய்தால் "சரிங்க அக்கா, அனுப்புறேன்" என்பார்கள். அதை விட்டுவிடுவேன். நேற்று தோங் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று, "அண்ணே, அக்கா இல்லையா? அவங்கதான் ஆர்டர் பண்ணாங்க" என்றான். நான்தான் என்றேன். அவன் என் வாயையே பார்த்தான். அப்புறம் தோங்கை இறக்கிவிட்டு, காசை எண்ணாமலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் கோபமில்லை. அடுத்த தடவை போன் செய்யத்தான் மனம் வரவில்லை. வீட்டில் யாரையாவது பேசச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.