பேஸ் டிரம்முக்குள் இருந்த பெயர்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றிய நினைவுகளை வாசகர்கள் இந்தப் பக்கத்துக்கு எழுதலாம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. 1991 முதல் 1994 வரை சேலத்தில் ஒரு கல்லூரியின் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பேண்டில் சைடு டிரம் அடித்தேன். அப்போது எங்கள் பட்டமெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம்தான். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல்தான் வந்தது.

இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. சீனியர் வாயால் தாளம் சொல்வார். நாங்கள் பெஞ்சுப் பலகையில் குச்சியால் அடித்துப் பழகுவோம். கட்டளைகள் எல்லாம் இந்தியில் வரும்: சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தேஜ் சல் (வேகமாக நட). ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் கால் பின்னிக்கொள்ளும். பேஸ் டிரம் என்ற பெரிய முரசின் அடி இடது காலில் விழ வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பார் சீனியர். ஒருமுறை ஒத்திகையில் அந்த அடி வலது காலுக்கு மாறிவிட்டது. பின்னால் வந்த மூன்று வரிசையும் தத்தித் தத்திக் கால் மாற்றியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

1993இல் பேஸ் டிரம்மின் ஒரு பக்கத் தோல் கிழிந்தது. சைக்கிள் கேரியரில் கட்டிச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் பூசிய வளையத்தைக் கழற்றியவர், "தம்பி, உள்ளே பாருங்கள்" என்றார்.

மரத்தில் பென்சிலால் பெயர்களும் ஆண்டுகளும் எழுதியிருந்தன. 1961க்கு இரண்டு பெயர், 1962க்கு மூன்று. 1964 முதல் 1967 வரை எழுத இடமே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்திருந்தன. பிறகு மறுபடி இரண்டு, ஒன்று. ஏன் இப்படி என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டதையும், 1968இல் அது மீண்டும் விருப்பப் பயிற்சியானதையும் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். ஒரு போர் எங்கள் டிரம்முக்குள் வந்துபோயிருக்கிறது!

புதுத் தோலைப் போடாமல் மாஸ்டர் காத்திருந்தார். "நீங்களும் எழுதிவிடுங்கள். மூடினால் இனி எப்போது திறப்பார்களோ." எழுதினோம். தோலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கூலி வாங்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

அந்தத் தோல் டிரம்மை எனக்கும் தெரியும். கோடை விழாவுக்குக் கீழேயிருந்து பேண்ட் வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நிற்பதற்குள் மூடுபனியில் தோல் தளர்ந்துவிடும். அடித்தால் 'பொத்' என்றுதான் கேட்கும். ஏரிக்கரை டீக்கடையில் என் அப்பா அடுப்பைக் கிளறிக் கொடுப்பார், பிள்ளைகள் டிரம்மைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். குளிரில் டிரம்பெட்டின் சுருதியும் இறங்கிவிடும், அதனால் வாசிக்கும்வரை குழலுக்குள் வெறும் மூச்சை ஊதிக்கொண்டே இருப்பார்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

மகள் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது போய்வந்தேன். அங்கே பேண்ட் 1886இல் ஐந்து மாணவர்களோடு தொடங்கியதாம். இப்போது முந்நூறு பேருக்கு மேல். 1907இல் மைதானத்தில் 'பி' எழுத்து வடிவில் நின்றுகாட்டியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். 1921இல் செய்த ராட்சத டிரம்மைச் சக்கர வண்டியில் இழுத்து வருகிறார்கள். அதைப் பார்த்தபோது பொறாமையாகவே இருந்தது. நம் கல்லூரி பேண்டு எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டால் காட்ட ஒரு தாள் உண்டா?

மீண்டும் அஸ்தம்பட்டியிலிருந்து:

தாள் இல்லை, ஒரு நோட்டு இருக்கிறது. தோல் மூடுவதற்கு முன் அந்தப் பெயர்களை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டேன், நாற்பத்தொன்று. 1966க்கு நேரே ஒரு பெயர் அழிந்து, 'சை.டிரம், ராசிபுரம்' என்பது மட்டும் தெரிந்தது. ராசிபுரத்துக்காரர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள். நோட்டில் அந்த வரியை இன்னும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.