மறு: [கலைச்சொல்] ராலி கேம்ல ஹேண்ட்லிங் – போக்கு, கையுணர்வுனு ரெண்டா பிரிக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுக்கிட்டே போகுது, ஆனா நாம எல்லாரும் ஒரு சொல்லத் தேடிக்கிட்டு ரெண்டு வேற வேற விஷயத்தப் பேசிட்டிருக்கோம்னு எனக்குப் படுது. ராலி கேம் (மண், சரளை, தார்னு பல ரோட்டுல நேரத்துக்கு எதிரா ஓட்டற கார் பந்தய ஆட்டம்) ஆடறவங்க "ஹேண்ட்லிங் செம", "ஹேண்ட்லிங் மொக்கை"னு எழுதறப்போ அதுக்குள்ள வண்டி எப்படிப் போகுதுங்கறதும் இருக்கு, அப்படிப் போறது நம்ம கைக்கு எப்படித் தெரியுதுங்கறதும் இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க, அதுக்காக நாமளும் கட்டணும்னு அவசியம் இல்ல. என் முன்மொழிவ முதல்லயே வெச்சிடறேன்: முதலாவதுக்கு போக்கு, தனியா நிக்கறப்போ வண்டிப்போக்கு, ரெண்டாவதுக்கு கையுணர்வு.

> ஹேண்ட்லிங் = கையாளுகை. அகராதியிலேயே இருக்கு, முடிச்சுக்கலாமே.

ஐயா, கையாளுகை நல்ல சொல்தான், துறைமுகத்துல சரக்குக் கையாளுகைன்னா கச்சிதமா பொருந்துது. ஆனா கையாள்றது ஆளு, வண்டி இல்லையே. "இந்தக் காரோட கையாளுகை மோசம்"னு எழுதினா படிக்கிறவங்க ஓட்டினவரத்தான் குறை சொல்லுவாங்க. போன மடல்ல வந்த "ஓட்டுதிறன்"லயும் இதே சிக்கல், அது ஓட்டுநரோட திறமையாத்தான் காதுல விழுது. நமக்கு வேண்டியது வண்டியோட குணத்தச் சொல்ற சொல். அது ஏற்கெனவே ஓட்டறவங்க வாயில இருக்கு: "ஸ்டியரிங்க இறுக்காத, வண்டிய அது போக்குல விடு"ன்னு சொல்லித்தானே ஓட்டக் கத்துக்குடுக்கறாங்க. ஆளப் பத்தி "அவன் போக்கே சரியில்ல"ங்கறோம், அதே சொல் அதே பொருள்ல வண்டிக்கும் வருது. புதுசா எதையும் ஒட்டவேண்டியதில்ல.

> போக்குன்னா ட்ரெண்டு இல்லையா? புள்ளியியல்காரங்க எடுத்துக்கிட்டாங்களே.

எடுத்துக்கட்டுமே. விலைவாசிப் போக்கும் வண்டிப்போக்கும் ஒரே பக்கத்துல மோதிக்கப் போறதில்ல.

சரி, ஏன் ரெண்டு சொல் வேணும்ங்கறதுக்கு வர்றேன், என் மடலோட முக்கியமான பகுதியே இதுதான். கோட்மாஸ்டர்ஸ் கம்பெனியோட டர்ட் ராலி 2.0 கேம எடுத்துக்குங்க, 2019 பிப்ரவரில வந்துச்சு. வந்த புதுசுல வீல் (கேம் ஆடறதுக்குன்னு மாட்டிக்கற ஸ்டியரிங்) வெச்சு ஆடறவங்க கிட்டேர்ந்து வந்த பெரிய புகார் ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீல்ல இருக்கற மோட்டார் கைக்குத் தர்ற விசை, செத்துக் கிடக்குங்கறதுதான், ரோடு கைக்கு வரலைன்னாங்க. கோட்மாஸ்டர்ஸ் அப்புறம் அப்டேட்ல அத மாத்தினாங்க. மாத்தினது முக்கியமா ஸ்டியரிங் வழியா வர்ற விசைய. ஆனா ஆடினவங்க எழுதினது என்ன? "ஹேண்ட்லிங் நல்லாயிடுச்சு". அதே கேம் மேல இன்னொரு விமர்சனமும் இருந்துச்சு, சரளை ரோட்டுல அருமையா போற கார் தார் ரோட்டுக்கு வந்தா மிதக்குதுன்னு. அதுக்கும் பேரு ஹேண்ட்லிங்தான். ஒண்ணு கையுணர்வு பத்தின புகார், இன்னொண்ணு போக்கு பத்தின புகார். ஒரு அப்டேட் முதலாவதத் தீத்துட்டு ரெண்டாவதத் தொடாமலே விட்டிருக்கலாம், ஒரே சொல்ல வெச்சுக்கிட்டு இத எப்படி எழுதுவீங்க?

"மிதக்குது"ங்கற சொல்லயே பாருங்க, நம்ம பசங்க எல்லாரும் சொல்றதுதான். காருக்கு எடையே இல்லாத மாதிரி, டயர் ரோட்டக் கவ்வாம போனாலும் மிதக்குதுங்கறாங்க, டயர் ஒழுங்கா கவ்வி ஸ்டியரிங் மட்டும் லேசா இருந்தாலும் மிதக்குதுங்கறாங்க. முதல் கேஸ்ல பிசிக்ஸ் எழுதினவங்க வேலை செய்யணும், ரெண்டாவது கேஸ்ல மெனுவுக்குப் போய் ஒரு ஸ்லைடர ஏத்தினா போதும். கேமுக்குள்ளயே கார் செட்டப் ஒரு பக்கம், வீல் விசை இன்னொரு பக்கம்னு தனித்தனி மெனுவாத்தான இருக்கு.

இதவிட நல்ல சாட்சி ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி. 2001 உலக ராலி சாம்பியன் பேர்ல வார்த்தாக் ஸ்டுடியோ உருவாக்கி 2004ல வந்த கேம், இருபது வருஷம் தாண்டியும் ஆடிட்டிருக்காங்கன்னா காரணம் அதோட போக்குதான், படம் அழகா இருக்குன்னு யாரும் அத ஆட வரல. விசிறிங்க இன்னிக்கு வரைக்கும் அதப் பிரிச்சு மேஞ்சு புதுசு புதுசா கார், ரோடுன்னு சேத்துக்கிட்டே இருக்காங்க. டயரும் சஸ்பென்ஷனும் எப்படி நடந்துக்கணும்னு கணக்குப் போடற என்ஜிபிங்கற பிளகின் (கேமோட சேத்துக்கற துணை மென்பொருள்) ஒண்ணு, ஸ்டியரிங்குக்கு என்ன விசை போகணும்னு பாத்துக்கற வேலை வேறொண்ணுன்னு தனித்தனியாத்தான் கை வெச்சாங்க. அந்த வேலைய செஞ்சவங்களுக்கு இது ரெண்டும் வேறங்கறது தெளிவா தெரிஞ்சிருக்கு. சொல்தான் ஒண்ணாவே கிடக்கு.

> கையுணர்வுன்னா ரொம்பப் பொதுவா இருக்கு. உணர்வுன்னு போட்டா கவிதை மாதிரி ஆயிடும்.

தோழி, இதுக்குக் கொஞ்சம் விவரமா பதில் சொல்றேன், ஏன்னா அந்த உணர்வு அளக்கக்கூடிய ஒண்ணு. டர்ட் ராலி 2.0ல நியூசிலாந்து ஹாக்ஸ் பே சரளை ரோட்டுல லான்சியா ஃபுல்வியா ஓட்டிப் பாருங்க, முன்சக்கரம் இழுக்கற சின்ன பழைய கார். ஒரு இடது கொண்டை ஊசி வளைவு வருது, பிரேக்க விட்டு ஸ்டியரிங்க ஒடிக்கறீங்க. முதல்ல ஸ்டியரிங் கனமாகும், முன் டயர் மண்ணக் கடிக்குதுன்னு அர்த்தம். இன்னும் ஒடிச்சா ஒரு கட்டத்துல திடீர்னு லேசாகும். ஸ்க்ரீன்ல கார் இன்னும் கோட்டவிட்டு விலகல, ஆனா கைக்குத் தெரிஞ்சிடுச்சு. நிஜக் கார்லயும் இதே கதைதான்: ஸ்டியரிங்க நேராக்கப் பாக்கற முறுக்குவிசை, டயரோட பிடிமானம் உச்சத்துக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே குறைய ஆரம்பிச்சிடும். அந்த லேசாகறத உணர்ந்து ஒரு இழை திருப்பிக் குடுத்தீங்கன்னா முன்பக்கம் மறுபடி கடிக்கும், உணரலேன்னா நேரா வெளிப்பக்கப் பள்ளத்துக்குத்தான். கேம் இந்தச் சேதிய கைக்குக் கொண்டுவருதா, எவ்வளவு சீக்கிரம் கொண்டுவருது, நடுவுல எதையாவது முழுங்கிடுதா, அதுக்குத்தான் கையுணர்வுங்கறேன். வேற சொல் இருந்தா சொல்லுங்க, "கைச்சேதி"னு கூட யோசிச்சேன், ஆனா "சேதி நல்லாருக்கு"ன்னா வேற எங்கயோ போயிடுது.

பின்பக்கம் சமாச்சாரம் வேற மாதிரி. நிஜக் கார்ல பின்பக்கம் விலகினா முதல்ல தெரியறது இடுப்புக்கும் முதுகுக்கும்தான். வீட்டு நாற்காலி அசையறதில்ல, அதனால கேம்ல கண்ணும், ஸ்டியரிங் தானா எதிர்ப்பக்கம் திரும்பப் பாக்கற அந்த இழுப்பும்தான் துணை. பின்சக்கர ஓட்டம் உள்ள எஸ்கார்ட் மார்க் டூ மாதிரி கார்ல இந்த இழுப்பு சரியா வந்தா கைய தளத்தி விட்டாலே பாதி வேலைய ஸ்டியரிங் பாத்துக்கும். இதயும் கையுணர்வுலதான் சேக்கணும். பேட் (ரெண்டு கையாலயும் பிடிக்கற கன்ட்ரோலர்) வெச்சு ஆடறவங்களுக்கு அதிர்வத் தவிர இதுல எதுவுமே இல்ல, அவங்க எழுதற ஹேண்ட்லிங் விமர்சனம் முழுக்க போக்கு பத்தினதுதான், அதுவும் பேட் குச்சிய அப்படியே எடுத்துக்காம கேம் நடுவுல பதமாக்கிக் குடுத்த போக்கு. ஒரே கேமுக்கு ஒருத்தர் ஆஹாங்கறார், ஒருத்தர் தூங்குற மாதிரி இருக்குங்கறார்னா அவங்க ரெண்டு பேரும் ஆடின கருவி வேற. மதிப்புரை எழுதறவங்க எதுல ஆடினாங்கன்னு முதல் வரியிலயே சொல்லணும், இது என் ரொம்ப நாள் ஆதங்கம்.

> ஃபோர்ஸ் ஃபீட்பேக் = விசைப் பின்னூட்டம்

பின்னூட்டம்ங்கறது வலைப்பதிவு காலத்துலேர்ந்தே வாசகர் எழுதற கருத்துன்னு ஊறிப்போச்சு. எதிர்விசைன்னு விடலாம், பள்ளிக்கூட இயற்பியல்ல எல்லாரும் படிச்ச சொல், நாம திருப்பினா வீல் திருப்பித் தள்ளுதுன்னு உடனே புரியும். வீல்ல இருக்கற மோட்டார் தர்றது எதிர்விசை, அதுனால நமக்குக் கிடைக்கறது கையுணர்வு. எதிர்விசைய எவ்வளவு ஏத்தினாலும் கையுணர்வு வராத கேம் உண்டு, வீல் கல்லு மாதிரி கனக்கும், ரோடு மட்டும் தெரியாது.

> அண்டர்ஸ்டியர் = குறைதிருப்பம், ஓவர்ஸ்டியர் = மிகைதிருப்பம்

தம்பி, இதுல எனக்கு உடன்பாடே இல்ல. முன் டயர் வழுக்கி கார் திரும்பாம வெளிய போறது அண்டர்ஸ்டியர், பின் டயர் வழுக்கி பின்பக்கம் சுத்தறது ஓவர்ஸ்டியர். மிகைதிருப்பம்னா ஓட்டறவன் ஸ்டியரிங்க அளவுக்கு மீறித் திருப்பிட்டான்னுதானே தோணும்? ஆனா சரளையில அளவுக்கு மீறி ஒடிச்சா நடக்கறது பெரும்பாலும் அண்டர்ஸ்டியர். கத்துக்க வர்ற ஆள நேர் எதிர் திசையில கொண்டுபோய் விட்டுடும் இந்தச் சொல். ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் இதே அமைப்புலதான் வெச்சிருக்காங்கங்கறது உண்மை, ஆனா அமெரிக்காவுல நாஸ்கார் கார் பந்தயம் ஓட்டறவங்க இத விட்டுட்டு கார் இறுக்கமா இருக்கு, தளர்ந்து இருக்குன்னு அவங்க பாட்டுக்கு சொல்லிக்கறாங்க. ஆடறவனுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எந்தப் பக்கம் பிடிமானம் போச்சு. அதனால முன்வழுக்கல், பின்வழுக்கல். (பிடிமானத்த எடுத்துக்குடுத்த கோவை அண்ணனுக்கு நன்றி, கிரிப்புக்கு அதவிடப் பொருத்தமா ஒண்ணும் கிடைக்காது.)

இத வெச்சு எழுதிப் பாத்தா எவ்வளவு தெளிவா வருது பாருங்க. 1980கள்ல ஓடின குரூப் பி ராலி வகையச் சேந்த ஆடி குவாட்ரோல அஞ்சு சிலிண்டர் இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னாடி தொங்குது, அதனால அதோட போக்குலயே முன்வழுக்கல் இருக்கு. லான்சியா ஸ்ட்ராட்டோஸ் குட்டையான கார், இன்ஜின் நடுவுல, ஓட்டம் பின்சக்கரத்துல, ஆக்சிலேட்டர்லேர்ந்து சடார்னு கால எடுத்தா பின்வழுக்கல். கேம் நல்ல கேமா இல்லையான்னு பாக்கறதுக்கு நான் முதல்ல இந்த ரெண்டு காரையும்தான் எடுப்பேன். ரெண்டும் ஒரே மாதிரி திரும்பினா, பெயிண்ட் மட்டும் வேறன்னா, அந்தக் கேம்ல எத்தன கார் இருந்து என்ன.

ராலியில பின்வழுக்கல் எப்பவும் குறையும் இல்ல, வேணும்னே வரவெக்கறதுதான் பாதி வித்தை. இடது வளைவுக்கு முன்னாடி வலது பக்கம் ஒரு வெட்டு, எடை இடது பக்கம் சாஞ்சதும் சட்டுனு ஸ்டியரிங்க இடது பக்கம் ஒடிச்சா, பின்பக்கம் தானா சுத்தி வரும். ஸ்காண்டிநேவியன் ஃப்ளிக்குனு சொல்ற இதுக்கு எதிர்வெட்டுனு போடலாம்.

கேம் ஓடற தரம் பத்தியும் கேட்டிருந்தாங்க. அதுல ஒரு சொல் உடனே தேவைப்படுது, படம் நின்னு நின்னு வர்ற ஸ்டட்டருக்கு. ஈஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி 2023 நவம்பர்ல வந்துச்சு, கோட்மாஸ்டர்ஸ் தங்களோட பழைய கேம் இன்ஜின (கேமுக்கு அடிப்படையான மென்பொருள) விட்டுட்டு அன்ரியல்ங்கற இன்ஜினுக்கு மாறினதுல 30 கிலோமீட்டர் தாண்டற ஸ்டேஜெல்லாம் (தனித்தனியா நேரம் கணக்கிடற பந்தயப் பாதை) சாத்தியமாச்சு, தார் ரோட்டுப் போக்கும் டர்ட் ராலி 2.0வவிட நல்லா இருக்குன்னு பலர் எழுதினாங்க. ஆனா பிசில வந்த புதுசுல திக்கித் திக்கி ஓடுச்சு. அஞ்சாவது கியர்ல மரங்களுக்கு நடுவுல போறப்போ படம் ஒரு கணம் நின்னு வந்தா நீங்க திருப்பினது ஒரு இடத்துல, கார் இருக்கறது இன்னொரு இடத்துல. அப்பவும் "ஹேண்ட்லிங் சரியில்ல"ன்னுதான் நிறைய பேர் எழுதினாங்க, போக்குல குறை இல்லாத இடத்துலயும். இதுக்கு திக்கல்னு வெச்சா யாருக்கும் விளக்கமே தேவையில்ல, "கேம் திக்குது"ன்னு ஏற்கெனவே சொல்லிட்டுத்தான இருக்கோம்.

> எதுக்கு இவ்வளவு பாடு, ஹேண்ட்லிங்னே எழுதிட்டுப் போகலாமே.

பேச்சுல அப்படியே போகட்டும், யாரும் தடுக்கல. ஆனா ஒரு கேம் மெனுவ தமிழாக்க உக்காந்தா, இல்ல புதுசா வீல் வாங்கின ஒரு பையனுக்குத் தமிழ்ல வழிகாட்டி எழுதினா, எந்த ஸ்லைடரத் தொடணும்னு சொல்லியாகணும். அங்க ஹேண்ட்லிங்கங்கற ஒத்த சொல் கைகுடுக்காது.

விக்சனரிக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் சேத்தே தர்றேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

போக்கு – சரளையில இந்தக் காரோட போக்கு சாது, தார் ரோட்டுக்கு வந்தா அலையுது.
கையுணர்வு – போக்கு நல்லா இருந்தும் கையுணர்வு இல்லாததால முன்வழுக்கல் கடைசி நேரத்துலதான் தெரியுது.
எதிர்விசை – எதிர்விசையக் குறைச்சதும் கை வலி போச்சு, கையுணர்வும் கூடுச்சு.
திக்கல் – மழை ஸ்டேஜ்ல மட்டும் திக்கல் வருது, நிழல் தரத்தக் குறைச்சுப் பாருங்க.

பேட்ல வர்ற அதிர்வையும் கையுணர்வுலயே அடக்கலாமா, தனியா வைக்கணுமான்னு பேட் ஆட்டக்காரங்க யாராவது சொல்லணும், அங்க எனக்கு முடிவா ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள பெரிய மறுப்பு வரலேன்னா மத்த சொல்லையெல்லாம் விக்சனரியில ஏத்திடறேன். டிஃபரென்ஷியல், ஆன்டி ரோல் பார் மாதிரி கார் பாகங்களோட பேரெல்லாம் பெரிய கதை, அதுக்குத் தனி இழை தொடங்கிக்கலாம்.