தூணில் உரசிய கார்: மஞ்சள் பெயின்டை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

கிரே வேகன்ஆர், தாம்பரம்:

வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. பொங்கலுக்கு முன்னால் தூண்களுக்கெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது இடதுபக்கப் பின்கதவும் பம்பர் மூலையும் தூணில் உரசிவிட்டன. 2016 மாடல், மெட்டாலிக் கிரே. கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் அப்பியிருக்கிறது, அதற்குள் நாலைந்து கோடுகள். பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது. நசுங்கல் எதுவும் இல்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கதவு முழுக்க, பம்பர் முழுக்கப் புதிதாக அடிக்கவேண்டும் என்கிறார்கள். இன்ஷூரன்ஸில் போட்டால் அப்பா சேர்த்து வைத்திருக்கும் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அப்பாவுக்கு 68 வயது. அன்றிலிருந்து சாவியைத் தொடவே இல்லை, காய்கறிக்குக்கூட ஆட்டோவில் போகிறார். கறை கண்ணில் படுகிறவரை அவர் எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வீட்டில் நாமே செய்ய வழி இருக்கிறதா? நான் இதுவரை கார் கழுவியது மட்டும்தான்.

ஓஎம்ஆர் ரைடர்:

டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது. போகாவிட்டால் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்தால் உடனே வந்துவிடும்.

பழைய பெயின்டர், கோவை:

தம்பி, தின்னரைத் தொட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

22 வருஷம் கார் பெயின்ட் வேலை பார்த்தவன் நான். உங்கள் கதவுக்குத் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு இறுகியது. தின்னரை ஒரு தடவை தாங்கினாலும் தாங்கும். பம்பர் அப்படியில்லை. அது பிளாஸ்டிக், அவ்வளவு சூட்டில் வைக்க முடியாது, அதனால் தனியாகக் குறைந்த சூட்டில் அடித்திருப்பார்கள். நடுவில் எப்போதாவது டச்-அப், அதாவது அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் வைத்துச் சரிசெய்த இடமாக இருந்தால் இன்னும் மோசம். தின்னர் பட்டதும் பெயின்ட் சுருங்கிப் பிசுபிசுத்துக் கையோடு வந்துவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாதிக்கு மேல் அது கீறலே இல்லை. தூணின் பெயின்ட் உங்கள் கார்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே காயமாகத் தெரியும். வந்து ஒட்டியது எது, நம்மிடமிருந்து போனது எது என்று பிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், கார்மேல் இருக்கும் மொத்தப் பெயின்டே ஓர் ஏ4 தாளின் கனம்தான் இருக்கும். 100 மைக்ரானோ கொஞ்சம் கூடவோ. அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட் என்பது, 40, 50 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது, வெயிலைத் தடுப்பதும் அதுதான். காம்பவுண்ட் என்ற அரைக்கும் பசையைப் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அதைக் கொஞ்சம் சீவுகிறோம். சீவியது திரும்ப வராது. அதிகம் சீவிவிட்டால் இன்றைக்கு மின்னும், இரண்டு கோடை தாண்டியதும் அந்த இடம் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். டூத்பேஸ்டிலும் அரைக்கிற தூள்தான் இருக்கிறது. பல்லுக்கு என்று செய்தது, எவ்வளவு வெட்டும் என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பதில் கடையில் கார் காம்பவுண்ட் வாங்கிவிடலாம்.

இப்போது செய்யவேண்டியது இது. காலை எட்டு மணிக்குள், நிழலில். கையை வைத்தால் கதவு குளிர்ச்சியாக இருக்கவேண்டும். ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவுங்கள், ஒரு மண் துகள் இருந்தாலும் அதுவே புதுக்கோடு போடும். அப்புறம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் எண்ணெய், இல்லையென்றால் மண்ணெண்ணெய். முதலில் கதவின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தடவிப் பாருங்கள். துணியில் கிரே நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுதுங்கள். வரவில்லை என்றால் பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மஞ்சள்மேல் ஒரு நிமிஷம் போட்டு வையுங்கள். ஊறட்டும். பிறகு அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். தூணுக்கு அடிப்பது பெரும்பாலும் சாதா எனாமல்தான், பொங்கலுக்கு அடித்தது என்றால் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. மெதுவாக விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டு நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள்.

முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு, மிச்சம் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். கோடுகள்மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்தால் காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் எங்கே தட்டுகிறது என்றும் பாருங்கள்.

கிரே வேகன்ஆர், தாம்பரம்:

அண்ணா, இன்று காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டேன். நம்பவே முடியவில்லை. டர்பன்டைனில் மூன்று தடவை ஊறவைத்ததும் கதவில் மஞ்சள் முக்கால்வாசி போய்விட்டது. துணியில் மஞ்சள் மட்டும்தான், கிரே வரவில்லை. இப்போது கதவில் ஐந்து கோடுகள். நான்கு தண்ணீர் பட்டதும் மறைகின்றன. ஒன்று மறையவில்லை, நகமும் தட்டுகிறது, சுண்டுவிரல் நீளம். பம்பர் மூலையில் நாலணா அளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக்கே தெரிகிறது. காம்பவுண்டை மெஷினில் போடவா, கையிலா? நண்பன் டிரில் மெஷினில் மாட்டும் பாலிஷ் பஞ்சு தருகிறேன் என்கிறான்.

பழைய பெயின்டர், கோவை:

நல்லது தம்பி, அவசரப்படாமல் செய்திருக்கிறீர்கள்.

டிரில் வேண்டாம். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம், கறுப்புக் கார் ஒன்றின் கதவு விளிம்பில் மெஷினை இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். அடிப்பூச்சான பிரைமர் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அந்தக் கதவு முழுக்கத் திரும்ப அடித்தோம், என் சம்பளத்தில். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மற்ற இடத்தைவிட மெல்லியதாக இருக்கும், மெஷின் சூடும் அங்கேதான் ஏறும். ஒரு சாண் இடத்துக்குக் கையே போதும். கை வலிக்கும்போது நின்றுவிடுவோம், அதுதான் அதில் இருக்கும் பாதுகாப்பு.

பக்கத்தில் கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டை இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், எடுப்பது பெரும்பாடு. ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு வையுங்கள், அதற்குமேல் வேண்டாம். உள்ளங்கை அகல இடத்தில் நேர்கோட்டில் போய்வந்து, அப்புறம் குறுக்கே. வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி சுழல் சுழலாகத் தெரியும். முப்பது தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மிச்ச மஞ்சளும் இதிலேயே போய்விடும். கோடு 80 சதவீதம் மங்கியதும் நிறுத்துங்கள். முழுவதும் போகவேண்டும் என்ற ஆசையில்தான் நிறையப் பேர் கிளியர் கோட்டைக் காலி செய்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் போடுவதைப் பார்த்துவிட்டு உப்புத்தாள் வாங்கப் போய்விடாதீர்கள், அது கை பழகியவர்கள் செய்வது.

காம்பவுண்டுக்கு மேல் நைஸான பாலிஷ் ஒரு சுற்று, அதற்கு மேல் வாக்ஸ். வாக்ஸ் கீறலை எடுக்காது, காப்புதான். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

நகம் தட்டும் அந்த ஒரு கோட்டைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அது ஆழம் போய்விட்டது. வண்டியில் நிற எண் இருக்கும், கம்பெனி ஷோரூமில் சொன்னால் சின்ன டச்-அப் பாட்டில் கிடைக்கும். பல்குத்தும் குச்சி முனையால் கோட்டுக்குள் மட்டும் விடுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. அப்புறம் அதே மாதிரி கிளியர் கோட். மெட்டாலிக் என்பதால் அருகில் போனால் தெரியும், அதை மறைக்க முடியாது. மெட்டாலிக்கில் இருக்கும் மினுக்குத் தூள் ஸ்பிரேயில் படிவதுபோல் குச்சியில் படியாது. ஆனால் தகட்டுக்குத் தண்ணீர் இறங்காது, துரு பிடிக்காது. கதவில் அதுதான் முக்கியம். பம்பர் துருப்பிடிக்கிற பொருளே இல்லை, அதை நிதானமாகச் செய்யலாம்.

மண்மணம், வேளச்சேரி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கழுவியதும் வெயிலில் காயவிடாதீர்கள். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, காய்ந்தால் வட்டம் வட்டமாக வெள்ளைத் தழும்பு விழும், நாளானால் அதற்கும் பாலிஷ் போடவேண்டி வரும். உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு குடம் ஆர்ஓ கழிவு நீர் என்று சிலர் ஊற்றுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

கிரே வேகன்ஆர், தாம்பரம்:

இரண்டு காலை ஆயிற்று. நான்கு கோடுகளில் மூன்று எங்கே இருந்தது என்று நானே தேடுகிறேன். நான்காவது டார்ச்சில் மட்டும் தெரிகிறது, அண்ணா சொன்னபடி அதோடு விட்டுவிட்டேன். டச்-அப் நேற்று வைத்தேன். பம்பர் மூலை அடுத்த வாரம்.

வாக்ஸ் போடும்போது அப்பா கீழே இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணியை என் கையிலிருந்து வாங்கிக் கதவின் கீழ்ப்பாகத்தை அவரே துடைத்தார். இன்று மாலை நூலகத்துக்கு வண்டியில்தான் போனார். நான் தூண் பக்கம் நின்று வழி சொன்னேன். மிகவும் நன்றி அண்ணா.