கடலில் போனவர்களுக்கு எல்லாச் சபையும் சேர்ந்து நினைவுக் கூட்டம்: ஜெப வரிசை, மன்னிப்பு, மேடை ஏற்பாடு

தென்கடல்கரை கேட்டது:

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து டிசம்பர் 22 மாலை கடற்கரையில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 1964 புயலில் தனுஷ்கோடியோடு போனவர்கள், அதன் பிறகு தொழிலுக்குப் போய்க் கரை திரும்பாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே மூன்று பக்கமும் வர ஒத்துக்கொண்டார்கள். பட்டியலில் இதுவரை 140 பெயர். மூவாயிரம் பேர் வரை வரலாம்.

பூசை வைத்து மற்றச் சபையாரையும் கூப்பிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அது சரிவருமா? இடம் தனுஷ்கோடி பழைய கோயில் பக்கம் என்று ஒரு யோசனை. அப்புறம், படகு மோதி இறந்த ஒருவருடைய குடும்பம், மோதிய படகுக்காரரை மன்னிப்பதாக மேடையில் சொல்ல ஆசைப்படுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. இதை எப்படிச் செய்வது?

---

மணிக்கூண்டு எழுதியது:

பூசை வேண்டாம். இது விருப்பு வெறுப்பு இல்லை, சட்டம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 908, கத்தோலிக்கத் திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இல்லாத சபைகளின் குருக்களோடு சேர்ந்து கூட்டுத் திருப்பலி, அதாவது பூசை, நிறைவேற்றுவதைத் தடுக்கிறது. நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு 844இல் தனி வரம்பு இருக்கிறது. பூசை வைத்தால் நற்கருணை நேரத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போகும், மீதிப் பாதி உட்கார்ந்து பார்க்கும். ஒற்றுமைக்கென்று கூடிய இடத்தில் பிரிவுதான் கண்ணில் படும். இறைவார்த்தை வழிபாடாக வையுங்கள். வாசகம், பாட்டு, மன்றாட்டு, மௌனம். இதில் யாருக்கும் தடையில்லை.

நோட்டீஸ் அடிக்கும்போது ஒரு சிக்கல் வரும். கத்தோலிக்கத்தில் 'ஆயர்' என்றால் மறைமாவட்டத் தலைவர், 'பேராயர்' அவருக்கு மேலே. சி.எஸ்.ஐ.யில் 'பேராயர்'தான் திருமண்டலத் தலைவர், உள்ளூர்ச் சபையை நடத்துபவரே 'ஆயர்'. இரண்டையும் ஒரே நோட்டீஸில் போட்டால் சிவகங்கை மறைமாவட்ட ஆயரும் உள்ளூர் சி.எஸ்.ஐ. ஆயரும் ஒரே பதவி போலத் தெரியும். பெயருக்குக் கீழே 'பங்குத்தந்தை', 'சபை ஆயர்', 'சபைப் போதகர்' என்று பொறுப்பை முழுதாக எழுதிவிடுங்கள். வரிசையை அகர வரிசையாக வைத்தால் யார் முதலில் என்ற சண்டையும் இல்லை.

வாசகங்களுக்கு இரண்டு மொழிபெயர்ப்பையும் எடுங்கள். சங்கீதம் 107இல் கடல் தொழில் செய்கிறவர்களைப் பற்றிய பகுதி 23 முதல் 30 வரை. அதை சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையார் வாசிக்கும் பழைய திருப்புதலிலும், நற்செய்தியைக் கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பிலும் வாசிக்கலாம். மன்னிப்புக்கு, சிலுவையில் இயேசு மன்னிப்பு வேண்டிய லூக்கா 23:34 போதும். வெளிப்படுத்தின விசேஷம் 21ஐ யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், அடக்க ஆராதனைப் பழக்கத்தில். அதன் முதல் வசனத்திலேயே சமுத்திரம் இல்லாமற்போயிற்று என்று வரும். கடலை நம்பி வாழும் ஊரில் விளக்கம் சொல்லாமல் அதை வாசிப்பது அவ்வளவு நன்றாக இராது. 20:13, சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்கிற வசனம், உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு நேராகப் பேசும்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில்தான் எப்போதும் தடுமாறும். ஒருவர் 'விண்ணுலகில்' என்று தொடங்குவார், இன்னொருவர் 'பரமண்டலங்களில்' என்பார், மூன்றாம் வரியில் மைக்கில் இருக்கிறவர் குரல் மட்டும் மிஞ்சும். கத்தோலிக்கர் சொல்வது 'குற்றம்', பழைய திருப்புதலில் இருப்பது 'கடன்'. (வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொழில் பார்க்கிற கரையில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்பது வேறு மாதிரிதான் காதில் விழும். ஒரு பிரசங்கத்துக்கே இடம் இருக்கிறது அதில்.) வழி இதுதான்: "அவரவர் வழக்கப்படி சொல்வோம்" என்று அறிவித்துவிட்டு, நடத்துகிறவர் மைக்கை விட்டு ஓரடி விலகி நிற்க வேண்டும். கத்தோலிக்கர் 'தீமையிலிருந்து' என்ற வரியோடு ஆமென் சொல்லி நிறுத்துவார்கள், மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும்' என்று தொடர்வார்கள். பூசையில் குருவின் மன்றாட்டுக்குப் பிறகு கத்தோலிக்க மக்களும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள். ஆகவே அந்தக் கடைசி வரியை மட்டும் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்தே முடிக்கலாம்.

இறந்தோருக்காக மன்றாடுவதில் விட்டுக்கொடுக்க முடியாத வேறுபாடு உண்டு. கத்தோலிக்கர் ஆன்ம இளைப்பாற்றிக்கு மன்றாடுவார்கள். பெந்தெகொஸ்தே சபையார் அதற்கு ஆமென் சொல்ல மாட்டார்கள், சொல்ல வைக்கவும் கூடாது. பெயர்களை வாசியுங்கள், பிறகு இரண்டு நிமிடம் மௌனம். மௌனத்துக்குள் அவரவர் நம்பிக்கைப்படி பேசிக்கொள்ளட்டும். சத்தமான ஜெபம் துயரப்படும் குடும்பங்களின் ஆறுதலுக்காக மட்டும் இருக்கட்டும். சுரூபம், சாம்பிராணி, செபமாலை இவற்றை மறுநாள் பங்குக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

தேதி பற்றி ஒன்று. டிசம்பர் 22 என்றால் எல்லாச் சபையிலும் கேரல் பவனி நேரம், பாடகர் குழு கிடைப்பதே பாடு. புயல் நாள் முக்கியம் என்றால் சரி. இல்லையென்றால் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு மன்றாட்டு வாரம். அதற்கென்றே வழிபாட்டுக் குறிப்புகள் ஆண்டுதோறும் வருகின்றன.

---

வாடைக்காத்து எழுதியது:

ஜெப விஷயம் பெரியவர்கள் சொல்லட்டும், நான் மணலைப் பற்றிச் சொல்கிறேன்.

தனுஷ்கோடி கோயில் பக்கம் வேண்டவே வேண்டாம். பவளக்கல் சுவர், உப்புக் காற்றில் அரித்துப் போய் நிற்கிறது. மூவாயிரம் பேரில் நூறு பேர் சாய்ந்தாலும் ஆபத்து. அதுவும் போக, இருட்டுவதற்குள் வெளியேறச் சொல்லிவிடுவார்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் வெயில் இறங்கிவிடும். அங்கே போக வேண்டுமென்றால் காலையில் பத்துப் பேர் போய் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வாருங்கள்.

டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கும். வடகடல் பக்கம் அலையும் காற்றும் அதிகம், தென்கடல் பக்கம் ஓரளவு அடங்கி இருக்கும். அங்கேயே இடம் பாருங்கள். மேடையைக் கிழக்கு ஓரத்தில் போட்டு மக்களைக் கிழக்கு பார்த்து உட்கார வையுங்கள். காற்று மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வரும், சத்தமும் கூடவே வரும். மாற்றிப் போட்டால் பேச்சு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி வார்த்தைதான் கேட்கும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். கூட்டத்தின் நடுவில் இன்னொரு ஜோடி பாக்ஸ் வைப்பார்கள். அதற்கு டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதமாக விடும் அமைப்பு) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம் கேட்கும். மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி என்றால் சுமார் 73 மில்லி செகண்ட். பெயர் வாசிப்பில் எதிரொலி கேட்டால் குடும்பத்துக்குக் கஷ்டமாக இருக்கும். ஜெனரேட்டரைத் தென்மேற்கு மூலையில், குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள்.

ஆள் ஒன்றுக்கு 6 சதுர அடி வைத்தால் 18,000 சதுர அடி, அதாவது 120க்கு 150. நடுவில் 6 அடி வழி இரண்டு, ஓரத்தில் இரண்டு. மேடைக் கால்களுக்கு அடியில் பலகை போடாவிட்டால் ஒரு பக்கம் மணலில் இறங்கும். தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர், 20 லிட்டர் கேன் 75. மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். காகிதக் கப்பில் பாதி மணல் போட்டு அதில் குட்டையான மெழுகுவர்த்தி நட்டால் தாங்கும். பெந்தெகொஸ்தே சபையார் மெழுகுவர்த்தி பிடிக்க மாட்டார்கள் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், பூ கொடுங்கள்.

கடலில் போடுவது உதிரிப் பூ மட்டும். தெர்மாகோல் வளையம், பிளாஸ்டிக் மாலை எல்லாம் அடுத்த நாளே வலையில் வரும், நைலான் நூல் புரொப்பல்லரில் சுற்றும். படகில் போய்ப் பூ போடுவதாக இருந்தால் நான்கு நாட்டுப்படகு போதும், ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், மீன்வளத் துறையிலும் கடலோரக் காவல் குழுமத்திலும் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். தீவுகள் பக்கம் போக வேண்டாம், அது தேசியப் பூங்கா. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். இரவு 10க்கு மேல் கிடையாது, உங்களுக்கு அது தேவையும் படாது.

மழைக்கு மாற்று இடம் இப்போதே பேசி வையுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கூட்டம் மண்டபத்துக்குள் என்று நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் கடைசி நேர வாக்குவாதம் இருக்காது.

---

கரைவலை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு. மன்னிப்பு ஒரு பக்கத்திலிருந்தே நடந்துவிடும். ஒப்புரவுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். மேடையில் அந்தக் குடும்பம் செய்யப்போவது முதலாவது மட்டும். மோதிய படகுக்காரரையும் ஏற்றிக் கட்டிப்பிடிக்க வைத்து செல்போனில் படம் எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அந்தப் படம் வழக்கில் வந்து நிற்கும், அவர் வக்கீல் அதை விடமாட்டார். அந்தக் குடும்பத்துக்கும் அது நல்லதில்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு, பழைய 304 ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. குடும்பம் மன்னித்துவிட்டது என்பதால் கீழ்க்கோர்ட்டில் சமாதானம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லை அது. ஆக "மன்னித்துவிட்டீர்களே, வழக்கை வாபஸ் வாங்குங்கள்" என்று யாராவது வந்தால், அது அவர்கள் கையில் இல்லை என்று சொல்லலாம். இழப்பீட்டு உரிமையும் மேடைப் பேச்சால் போய்விடாது. ஆனால் அன்றைக்கு யார் தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது. உணர்ச்சி மிகுந்த வேளையில்தான் அப்படித் தாள் நீட்டுவார்கள்.

மன்னிப்பும் வழக்கும் தனித்தனியாக ஓடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு தன் போக்கில் நடந்தது, 2003இல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போப் இரண்டாம் ஜான் பால் தன்னைச் சுட்டவரை 1981இல் நான்கே நாளில் மன்னித்ததாக அறிவித்தார், 1983இல் சிறைக்குப் போய்ப் பார்த்தார். ஆனால் சுட்டவர் சிறையில்தான் இருந்தார்.

செய்முறை இப்படி இருக்கட்டும். பேசுகிறவர் ஒருவர், வீட்டார் எல்லோரும் சம்மதித்தவர். இறந்தவரின் தாய் ஒருபக்கமும் மனைவி ஒருபக்கமுமாக இருந்தால் அந்த ஆண்டு மேடை வேண்டாம். எழுதி வைத்து வாசிக்கட்டும், இரண்டு நிமிடத்துக்குள். படகுப் பெயர், எண், எப்படி மோதியது என்ற விவரம் எதுவும் அதில் வேண்டாம். "எங்களுக்கு இழப்பு வரக் காரணமானவரை" என்று போதும். வக்கீலிடம் ஒரு தரம் காட்டுங்கள். மேடைக்கு ஏறும் நிமிடம் வரைக்கும் மனம் மாறினால் பின்வாங்கலாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள், அந்த இடத்தில் வாசிக்க ஒரு சங்கீதம் தயாராக இருக்கட்டும். அவர் முடித்ததும் கைதட்டல் வராதபடி உடனே பாட்டு தொடங்க வேண்டும். இந்த ஊரில் கைதட்டிவிடுவார்கள்.

அவருக்கு அடுத்து எந்த அரசியல்காரரையும் பேச விடாதீர்கள். வந்திருப்பவர்களைக் கீழே முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

---

தென்கடல்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. பட்டியலில் இன்னொரு சிக்கல். ஒன்பது பேர் உடல் கிடைக்கவில்லை, இரண்டு வீட்டில் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதோடு முஸ்லிம், இந்துக் குடும்பங்களின் பெயரும் இருக்கிறது. சேர்க்கலாமா?

---

மணிக்கூண்டு எழுதியது:

வீட்டுக்கு வீடு போய்க் கேட்காமல் ஒரு பெயரும் சேர்க்கக் கூடாது. காணாமல் போய் ஏழு ஆண்டு தகவலே இல்லாவிட்டால்தான் சட்டம் இறந்தவராக வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அதற்கு முன் நீங்கள் இறந்தோர் வரிசையில் வாசித்தால் அந்த வீட்டில் பெரிய ரணமாகிவிடும். "கரை திரும்பாதவர்கள்" என்ற தலைப்பிலேயே முழுப் பட்டியலையும் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

மற்ற மதத்தார் பெயரையும் வாசியுங்கள், அவர்கள் விரும்பினால். பெயர், தகப்பன் பெயர், ஊர் மட்டும். அடைமொழி, சாதிப் பெயர், சபைப் பெயர் எதுவும் யாருக்கும் வேண்டாம். ஒரு பெயருக்கு 7 நொடி என்றால் 140 பெயருக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேர் மாறி மாறி வாசித்தால் தொண்டை கட்டாது. பத்துப் பெயருக்கு ஒரு மணி அடிக்கலாம். ஐந்து மணிக்குத் தொடங்கினால் பூ போடும்போது வெளிச்சம் இருக்கும். சூரியன் மறைந்ததும் முஸ்லிம் குடும்பங்கள் மஃரிப் தொழுகைக்கு எழ வேண்டியிருக்கும், அதனால் அவர்கள் வீட்டுப் பெயர்களைப் பட்டியலின் முன்பாதியில் கலந்து வையுங்கள்.